அறைக்கு அறை வெப்பம்

கூதிர்காலத்துக் குளிரைப் பாடும் சங்க நூல்களுள் நக்கீரரின் நெடுநல்வாடை தலையானது. மாடத்தின் மேல்தளத்தில் வேனிற்காலத்துக்கென அமைந்த படுக்கையறையின் கதவுகளைத் தாழிட்டுவிட்டு, தடவு எனப்படும் அகன்ற வாய்க் கணப்புச் சட்டியைச் சூழ்ந்து மக்கள் குளிர்காய்ந்ததை அந்நூல் காட்டுகிறது. வேண்டாத அறையை மூடிவிட்டு, இருக்கும் இடத்தை மட்டும் சூடாக்கிக்கொள்ளும் அறிவு அன்றே இருந்தது. காஷ்மீரிலும் லடாக்கிலும் இன்றும் குளிர்காலத்தில் குடும்பத்தார் அனைவரும் புகாரி அடுப்பு எரியும் ஒரே அறையில் கூடி உண்டு உறங்குவதை அப்பகுதி மாணவர் அறிவர். காங்கிரிச் சட்டியை அங்கியினுள் ஏந்திச் செல்பவருக்கோ அறை கூட வேண்டுவதில்லை.

இந்த அறிவு இடையில் மறக்கப்பட்ட நாடுகளும் உண்டு. அவற்றுள் ஒன்று பிரிட்டன்.

ஒரு காலத்தில் அந்நாட்டு வீடுகளிலும் கூடத்தில் மட்டுமே நிலக்கரிக் கணப்பு எரிந்தது. படுக்கையறைச் சன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் விடியற்காலையில் உறைபனி கோலமிட்டிருக்கும். 1965இல் வடகடலின் அடியில் பிரிட்டன் இயற்கை எரிவாயுவைக் கண்டறிந்தது. 1967 முதல் பத்தாண்டுகளில் நாடு முழுவதும் வீடுகளின் எரிவாயுக் கருவிகள் அந்தப் புதிய வாயுவுக்கு ஏற்ப மாற்றப்பட்டன. 1972இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் மட்டுமே இருந்த நடுவண் சூடேற்று அமைப்பு, இன்று அநேகமாக எல்லா வீடுகளிலும் உண்டு. வாயு மலிவாகக் கிடைத்தவரை, வீடு முழுவதையும் ஒரே அளவில் சூடாக்குவதை எவரும் குறையாகக் கருதவில்லை.

அந்த அமைப்பு எளியது. சமையலறைச் சுவரில் மாட்டிய கொதிகலன் வாயுவை எரித்து நீரைச் சூடாக்கும். பெயர்தான் கொதிகலன், நீரை அது கொதிக்கவிடுவதில்லை. ஒரு பம்பு அந்த வெந்நீரைக் குழாய்களின் வழியே ஒவ்வோர் அறைக்கும் தள்ளும். அறைச் சுவரை ஒட்டி நிற்கும் ரேடியேட்டர் என்னும் இரும்புத் தகடு சூடாகி, அறையைச் சூடாக்கும். ஆறிய நீர் மீண்டும் கொதிகலனுக்குத் திரும்பும். எப்போது எரியவேண்டும், எப்போது அணையவேண்டும் என்பதை, வாசலை அடுத்த நடைவழியில் மாட்டப்பட்ட ஒரேயொரு தெர்மோஸ்டாட் முடிவு செய்யும்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நடைவழி என்பது எவரும் உட்காராத இடம். கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று புகும் இடமும் அதுவே. அங்கே 20 பாகை வந்தால்தான் கொதிகலன் அணையும் என்றால், அதற்குள் கூடம் 23 பாகையைத் தொட்டிருக்கும். ஆளில்லாத மேல்மாடி அறைகளும் அதே வெப்பத்தில் வீணே கிடக்கும்.

மலிவாயிருந்தவரை இது பொருட்டாகவில்லை. 2021 அக்டோபரில் ஒரு சராசரிக் குடும்பத்தின் வாயு, மின்சாரக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 1,277 பவுண்டு என உச்சவரம்பு இருந்தது. ஓராண்டு கழித்து அது 3,549 பவுண்டாக உயர்ந்தபோது, அரசு தலையிட்டு 2,500 பவுண்டில் நிறுத்தவேண்டியதாயிற்று. உணவா, சூடா என்று முதியோர் கணக்குப் பார்க்கும் நிலை வந்தது. அறைக்கு அறை வெப்பத்தைத் தனித்தனியே ஆளும் கருவிகளைப் பற்றிப் பலரும் ஆர்வத்துடன் கேட்கத் தொடங்கியதற்கு அந்தக் கட்டணச் சீட்டும் ஒரு காரணம்.

பள்ளியில் பிறந்த கருவி

அறையின் வெப்பத்தை அறையே சொல்லட்டும் என்னும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வைட்வாட்டர் என்னும் ஊரின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வாரன் ஜான்சன் என்பவர் பேராசிரியராக இருந்தார். பணியாளர் ஒருவர் ஒவ்வொரு வகுப்பறைக்குள்ளும் நுழைந்து, வெப்பமானியைப் பார்த்துவிட்டு, நிலவறைக்கு இறங்கிச் சென்று அதற்கேற்பக் காற்றுத் தடுப்புகளைச் சரிசெய்வது அங்கு வழக்கம். பாடத்துக்கு இடையூறு, பணியாளருக்கோ ஓயாத படியேற்றம். அறை வெப்பம் மாறியதும் நிலவறையில் மணி அடிக்கும்படி ஒரு மின்கருவியை ஜான்சன் அமைத்தார். 1883இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1943இல் டென்மார்க்கைச் சேர்ந்த மேட்ஸ் கிளவுசன், ரேடியேட்டரின் குழாயிலேயே பொருத்தும் தானியங்கி வால்வை உருவாக்கினார். அதன் தலைப்பகுதியினுள் இருக்கும் பொருள் சூட்டில் விரிந்து ஓர் ஊசியை அழுத்தும். ஊசி வெந்நீரின் வழியை அடைக்கும். அறை ஆறினால் பொருள் சுருங்கும், வழி திறக்கும். மின்சாரமே வேண்டாத இந்த வால்வு இன்றும் கோடிக்கணக்கான வீடுகளில் உழைக்கிறது. அதன் தலையில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். 3 என்பது ஏறத்தாழ 20 பாகையைக் குறிக்கும்.

இந்த வால்வுக்கு இரண்டு குறைகள். அதற்கு நேரம் தெரியாது. இரவென்றும் பகலென்றும் பாராமல் ஒரே அளவைக் காக்கும். அதோடு, கொதிகலனிடம் பேசத் தெரியாது. எல்லா அறைகளும் போதும் என்று அடைத்துக்கொண்ட பின்னும், நடைவழித் தெர்மோஸ்டாட் நிறைவடையும்வரை கொதிகலன் எரிந்துகொண்டிருக்கும். கம்பியில்லாக் கட்டுப்பாடு இவ்விரு குறைகளையும் தீர்க்க வந்தது.

தொடங்குமுன்

எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தில் 1930களில் கட்டப்பட்ட ஒரு செங்கல் வீட்டைக் கொள்ளலாம். கீழே கூடமும் உணவறையும் சமையலறையும். மேலே மூன்று படுக்கையறைகள். பிள்ளைகள் வேறூர் சென்றபின் மூதாட்டி ஒருவர் தனியே வாழ்கிறார். பகலில் கூடம், இரவில் ஒரு படுக்கையறை, இடையிடையே சமையலறை. அவருக்கு வேண்டியது அவ்வளவே. ஆனால் எட்டு ரேடியேட்டர்களும் சூடாகின்றன.

இத்தகைய வீட்டில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடத் தோன்றும். அது தவறு. முழுத் தொகுதியின் விலை மிகுதி என்பது ஒரு காரணம். எந்த அறை உண்மையில் எப்போது பயன்படுகிறது என்பது ஒரு குளிர்காலம் கழிந்த பின்பே தெரியும் என்பது அதனினும் பெரிய காரணம்.

முதலில் செய்யவேண்டியதற்குக் காசு தேவையில்லை. ரேடியேட்டரின் மேல்பகுதி குளிர்ந்தும் கீழ்ப்பகுதி சூடாகவும் இருந்தால், உள்ளே காற்று தங்கியுள்ளது என்று பொருள். சிறு சாவியால் அதை வெளியேற்ற வேண்டும். கொதிகலனுக்கு அருகிலுள்ள ரேடியேட்டர் கொதிக்க, தொலைவிலுள்ளது வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், அருகிலுள்ளதன் மறுமுனை வால்வைச் சற்றே குறுக்கி நீரைப் பங்கிட்டுவிட வேண்டும். பழைய தானியங்கி வால்வுகளின் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஒட்டிய ஊசியின்மேல் எவ்வளவு விலையுயர்ந்த கருவியைப் பொருத்தினாலும் பயனில்லை. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுக் கருவியைக் குறைகூறுவோரே மிகுதி.

முதற்படி

நடைவழியிலுள்ள கம்பிவழித் தெர்மோஸ்டாட்டை நீக்கிவிட்டு, கம்பியில்லாத ஒன்றை வைப்பது முதற்படி. இதற்கு இரண்டு உறுப்புகள். ஒன்று, மின்கலத்தால் இயங்கும் தெர்மோஸ்டாட். மற்றொன்று, கொதிகலனுக்கு அருகில் மின்கம்பிகளுடன் இணைக்கப்படும் ஏற்பி. தெர்மோஸ்டாட் ரேடியோ அலையால் செய்தி அனுப்பும். ஏற்பியினுள் இருக்கும் ரிலே கொதிகலனை இயக்கும் அல்லது நிறுத்தும். ஏற்பியை இணைப்பது மின்பணி தெரிந்தவரின் வேலை. கொதிகலனின் வாயுப் பகுதியைத் தொடுவதற்கோ, அந்நாட்டில் அதற்கெனப் பதிவுபெற்ற பொறியாளருக்கு மட்டுமே சட்டம் இடமளிக்கிறது.

சுவரை உடைக்காமல், கம்பி இழுக்காமல், தெர்மோஸ்டாட்டை மூதாட்டி அமரும் கூடத்துக்கே கொண்டுவந்துவிடலாம் என்பதே இதன் பெரும்பயன். அவர் உணரும் குளிரை அது அளக்கிறது. காலை ஏழு மணிக்கு ஓர் அளவு, இரவு பத்துக்கு மற்றோர் அளவு என்று வாரம் முழுமைக்கும் நேரம் குறிக்கலாம். வெயில் படும் இடம், ரேடியேட்டருக்கு மேல், தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகில் ஆகியவற்றைத் தவிர்த்து, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் வைப்பது நன்று.

ஒரு நுணுக்கத்தை மறக்கலாகாது. இத்தெர்மோஸ்டாட் இருக்கும் அறையின் ரேடியேட்டரில் பழைய தானியங்கி வால்வு இருந்தால் அதை முழுவதும் திறந்துவிட வேண்டும். இல்லையேல், வால்வு 19 பாகையில் வழியை அடைத்துக்கொள்ள, தெர்மோஸ்டாட் 21 வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கொதிகலன் ஓயாது எரியும்; கூடமோ சூடேறாது; மற்ற அறைகள் கொதிக்கும். கருவி பழுது என்று அழைக்கப்படும் பொறியாளர், வால்வைத் திருகிவிட்டுக் கட்டணம் பெற்றுச் செல்வார்.

தெர்மோஸ்டாட்டில் 30 என்று வைத்தால் அறை விரைவாகச் சூடாகும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. 20 ஆனாலும் 30 ஆனாலும் அறை 20ஐ எட்டும்வரை அதே கொதிகலன்தான் எரிகிறது. நிற்கும் இடம் மட்டுமே மாறும். நம் நாட்டில் குளிர்பதனக் கருவியை 18 பாகைக்கு இறக்கிவைப்போரின் எண்ணமும் இத்தகையதே. 2020 சனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற அறைக் குளிர்பதனக் கருவிகள் 24 பாகையிலேயே தொடங்குமாறு இந்தியாவில் விதி வந்ததற்கு, இவ்வாறு வீணாகும் மின்சாரமே காரணம்.

இரண்டாம் படி

அடுத்து ரேடியேட்டர் வால்வுகள். இவற்றை ஒவ்வொன்றாக வாங்கலாம் என்பதே படிப்படியான வழியின் உயிர்நாடி.

பழைய தானியங்கி வால்வின் தலையை மட்டும் திருகிக் கழற்றி, அதே இடத்தில் மோட்டார் உள்ள புதிய தலையைப் பொருத்தினால் போதும். குழாயோடு சேர்ந்த உடல்பகுதி அப்படியே இருக்கும். ஒரு துளி நீரும் சிந்தாது. பெரும்பாலான வால்வுகளின் திருகுமரை 30 மில்லிமீட்டர் விட்டமுடையது. மாறுபடுபவற்றுக்கு இணைப்பு வளையங்கள் கிடைக்கும். தானியங்கி வால்வே இல்லாமல் வெறும் திருகுவால்வு மட்டும் இருந்தால், குழாய்களின் நீரை வடித்துவிட்டு உடலோடு மாற்றவேண்டும். அது குழாய்ப் பணியாளரின் வேலை. கோடையில் முடித்துவிடுவது அறிவுடைமை.

புதிய தலையினுள் வெப்ப உணரி, சிறு மோட்டார், மின்கலங்கள், ரேடியோ அலைக் கருவி ஆகியன உண்டு. அறைக்குக் குறித்த வெப்பம் குறைந்தால் மோட்டார் ஊசியை விடுவித்து வழி திறக்கும். அத்துடன் ‘எனக்குச் சூடு வேண்டும்’ என்று ஏற்பிக்குச் செய்தியும் விடுக்கும். ஏதேனும் ஓர் அறை கேட்டால் கொதிகலன் எரியும். எந்த அறையும் கேட்கவில்லையென்றால் அணையும். கிளவுசனின் வால்வுக்குத் தெரியாமற்போன பேச்சு இதுதான்.

மின்கலத்தைச் சேமிக்க இக்கருவிகள் பெரும்பாலும் உறங்கிக்கொண்டே இருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை விழித்துச் செய்தி பரிமாறும். ஆகையால் பொத்தானை அழுத்தியதும் ரேடியேட்டர் சூடாகவில்லையே என்று பதறவேண்டியதில்லை. ஐரோப்பாவில் இவற்றுட் பல 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. வைஃபை முதலியன வழங்கும் 2,400 மெகாஹெர்ட்ஸ் அலைகளைவிட இவை தடித்த செங்கற்சுவரை எளிதாகக் கடக்கும்.

எந்த அறையிலிருந்து தொடங்குவது? ஆள் மிகுதியாக இருக்கும் அறையிலிருந்து என்றே பலரும் சொல்வர். உண்மையில் ஆளில்லாத அறைகளில்தான் சேமிப்பு. அவ்வீட்டின் வெற்றுப் படுக்கையறைகள் இரண்டுக்கும் முதலில் பொருத்துவது தக்கது. வெளியே 5 பாகை, அறையில் 20 பாகை எனில் வேறுபாடு 15. அறையை 15 பாகைக்கு இறக்கினால் வேறுபாடு 10 ஆகிறது. சுவர்வழி வெளியேறும் வெப்பம் வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் அமைவதால், அவ்வறையின் இழப்பு மூன்றில் ஒரு பங்கு குறையும். விளம்பரங்கள் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் அடுத்த அறையிலிருந்து உட்சுவரின் வழியாகவும் திறந்த கதவின் வழியாகவும் வெப்பம் அங்கே கசிந்துகொண்டே இருக்கும். கதவைச் சாத்தாத வீட்டில் அறைவாரிக் கட்டுப்பாடு என்பது பெயரளவே.

மிகவும் இறக்குவதிலும் தீங்குண்டு. சமையலறையின் ஈரக்காற்று குளிர்ந்த அறைக்குள் சென்றால் அங்குள்ள சுவரில் நீராகப் படியும். சில வாரங்களில் கரும்பூஞ்சை தோன்றும். உறைபனி நாளில் குழாய் வெடித்துவிடாமல் காக்க, ஏறத்தாழ 5 பாகையில் தாமே திறந்துகொள்ளும் ஏற்பாடு பெரும்பாலான கருவிகளில் உண்டு. அது குழாயைக் காக்கும், சுவரைக் காக்காது. ஆள் வாழும் அறைகளைப் பொறுத்தவரை, குளிர்நாட்டு வீடுகளில் 18 பாகைக்குக் குறையலாகாது என 2018இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. குளிர்ந்த அறை இரத்த அழுத்தத்தை உயர்த்தும். மூச்சுக் கோளாற்றை வளர்க்கும். சிக்கனத்தின் பெயரால் மூதாட்டி தம் படுக்கையறையையும் 13 பாகைக்கு இறக்கிவிட்டால், அக்கருவி அவருக்கு நன்மை செய்யவில்லை என்பது தெளிவு. பிள்ளைகள் தொலைவிலிருந்து கைப்பேசியில் பார்க்கத்தக்க எண்களுள் இதுவே முதன்மையானது.

மற்றொரு சிக்கல் கொதிகலனைச் சார்ந்தது. நள்ளிரவில் ஒரு சிறு படுக்கையறை மட்டும் சூடு கேட்கிறது. அதன் ரேடியேட்டர் வெளியிடுவது ஒரு கிலோவாட். கொதிகலனால் குறைந்தது ஐந்து கிலோவாட்டுக்குக் கீழே எரிய இயலாதெனில், நீர் சில நிமிடங்களில் மிகையாகச் சூடாகிக் கொதிகலன் அணையும், மீண்டும் எரியும், மீண்டும் அணையும். இது வாயுவையும் வீணாக்கும், உறுப்புகளையும் தேய்க்கும். இரண்டு மூன்று அறைகளை ஒரே நேர அட்டவணையில் இணைத்துவிடுவது இதற்கு எளிய மருந்து. எல்லா வால்வுகளும் ஒருசேர அடைத்துக்கொண்டால் பம்பு தள்ளும் நீருக்குப் போக்கிடம் வேண்டும். அதற்கென ஒரு மாற்றுவழி வால்வையோ, என்றும் திறந்திருக்கும் ஒரு ரேடியேட்டரையோ விட்டுவைக்கின்றனர். குளியலறை ரேடியேட்டருக்கே பெரும்பாலும் அந்தப் பேறு வாய்க்கிறது.

பிந்திய படிகள்

வெந்நீர்த் தொட்டி உள்ள வீடுகளில் அதற்குத் தனிக் கட்டுப்பாடு அமைப்பது மூன்றாம் படி. இங்கே சிக்கனம் பார்க்கலாகாது. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லீஜியோனெல்லா என்னும் நுண்ணுயிர் பெருகுமாதலால், தொட்டி நீர் 60 பாகைக்குச் சூடாக்கப்படவேண்டும். பெரிய வீடுகளில் மாடிக்கும் தரைத்தளத்துக்கும் தனித்தனி மோட்டார் வால்வுகளைக் குழாயிலேயே அமைப்பதும் உண்டு. 150 சதுரமீட்டருக்கு மேற்பட்ட புதிய வீடுகளில் குறைந்தது இரண்டு பகுதிகளாகப் பிரித்தல் வேண்டும் என்பது இங்கிலாந்தின் கட்டட விதி.

இணையத்தோடு இணைப்பது கடைசிப் படி. இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. எந்த அறை எப்போது சூடாகிறது என்னும் குறிப்பு, வீட்டில் ஆள் எப்போது இருக்கிறார், எப்போது இல்லை என்பதையும் சொல்லிவிடும். மேலும், தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணினியை நம்பி இயங்கும் கருவியின் ஆயுள் அந்நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2011இலும் அதை அடுத்த சில ஆண்டுகளிலும் விற்பனைக்கு வந்த நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுகளின் முதலிரு தலைமுறைகளுக்குக் கைப்பேசிவழிக் கட்டுப்பாடு 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. சுவரில் இருந்தபடி அவை இயங்கும். கைப்பேசிக்கு மட்டும் மறுமொழி தரா. இரும்பாலான ரேடியேட்டரோ அரை நூற்றாண்டு உழைப்பது. எனவே இணையம் அறுந்தாலும் தமக்குள் ரேடியோ அலையால் பேசிக்கொள்ளும் கருவிகளைத் தேர்வதே பாதுகாப்பு. ஏற்பியில் கையால் அழுத்திக் கொதிகலனை இயக்கும் பொத்தான் இருக்கிறதா என்பதையும் வாங்குமுன் பார்க்கவேண்டும். பனிப்புயல் நாளில் மூதாட்டிக்குப் பயன்படுவது அந்தப் பொத்தானே. மின்கலம் மாற்றும் மூடியை முதியவரின் விரல்களால் திறக்க முடிகிறதா என்பதும் கடையிலேயே சோதிக்கத்தக்கது.

கொதிகலனை நீக்கிவிட்டு, வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை ஈர்க்கும் வெப்ப ஏற்றியை வைக்க எண்ணுவோர் முதற்படியோடு நின்றுவிடலாம். வெப்ப ஏற்றி குறைந்த சூடுடைய நீரை நெடுநேரம், எல்லா ரேடியேட்டர்களிலும் ஓடவிட்டால்தான் திறம்பட உழைக்கும். அறைகளை அடைத்து அடைத்துத் திறப்பது அதற்கு ஒவ்வாது. வாயுக் கொதிகலனோடு இன்னும் பல ஆண்டுகள் வாழப்போகும் வீட்டுக்கே இரண்டாம் படியின் செலவு தகும்.

கழற்றிய பழைய வால்வுத் தலைகளைப் பெரும்பாலோர் குப்பையில் எறிந்துவிடுகின்றனர். அவற்றை ஒரு பெட்டியிலிட்டு, எந்த அறையினது என்று சீட்டெழுதி ஒட்டி, கொதிகலனுக்கு அருகில் வைப்பது நலம். குளிர் மிகுந்த ஓர் இரவில் மோட்டார் நின்றுபோனால், மின்கலமும் வேண்டாத அப்பழைய தலையை இரண்டு நிமிடத்தில் திருகிவிடலாம்.